இடி முழங்கும்போது வயலில் நிற்பவர்களுக்கு

வன்னியில் சித்திரையிலும் ஐப்பசியிலும் பிற்பகலில் திரளும் கருமுகில்களுக்குள் பனித்துகள்கள் ஒன்றோடொன்று மோதுவதால், மேற்பகுதியில் நேர் மின்னேற்றமும் கீழ்ப்பகுதியில் மறை மின்னேற்றமும் சேர்கின்றன. இந்த மின்னேற்றம் மின்னலாகப் பாயும்போது, பாதையிலுள்ள வளி ஏறத்தாழ 30,000 பாகை செல்சியசுக்குச் சூடாகித் திடீரென விரிவதே இடியாகக் கேட்கிறது.

மின்னலுக்கும் இடிக்கும் இடைப்பட்ட செக்கன்களை எண்ணி 3ஆல் வகுத்தால், தூரம் கிலோமீற்றரில் கிடைக்கும். ஆனால் இடி காதில் விழுந்தாலே ஆபத்து எல்லைக்குள் இருக்கிறீர்கள் என்பதால், இந்தக் கணக்கை வீட்டை நோக்கி நடந்துகொண்டே போடுவது நல்லது.

வரம்பில் மண்வெட்டியோடு நிற்பவரும் குளத்தில் வலை இழுப்பவரும் உடனே வேலையை நிறுத்த வேண்டும். தனிப்பனையின் கீழோ காவற்கொட்டிலிலோ ஒதுங்கக்கூடாது. ஓலைக்கூரை மழையைத்தான் தடுக்கும். கல்வீட்டுக்குள் சென்று, கடைசி இடியோசைக்குப் பின் 30 நிமிடங்கள் காத்திருங்கள்.