கேட்சைக் கோட்டை விட்ட பிறகு

கைக்குள் வந்த பந்து நழுவி விழுகிறது. பந்து வீசியவர் இடுப்பில் கை வைத்து நம்மையே பார்க்கிறார். கேட்ச் விடாத ஆள் கிரிக்கெட்டில் இல்லை. ஆனால் அடுத்த பத்து நிமிடத்தில் நாம் செய்யும் கோளாறுதான் பெரும்பாலும் அதைவிட மோசமாக இருக்கும்.

ஒருமுறை பவுண்டரி ஓரத்தில், லாங் ஆனில் கேட்ச் விட்டுவிட்டு, தலையில் கை வைத்தபடி நின்றேன். பந்து காலடியில் கிடக்க, எதிரணியினர் மூன்று ரன் ஓடிவிட்டார்கள். கேட்ச்சை மறந்துவிட்ட நண்பர்கள் அந்த மூன்று ரன்னை இன்னும் மறக்கவில்லை!

அடுத்தது, ஒளிந்துகொள்வது. பந்து வராத மூலையாகப் பார்த்து மெல்ல நகர்வோம். 'இனி நம்ம பக்கம் வரவே கூடாது' என்று வேண்டிக்கொண்டு நிற்பவனின் கால் தாமதமாகத்தான் கிளம்பும். 2022 ஆசியக் கோப்பையில் பாகிஸ்தானுக்கு எதிராக, 18ஆவது ஓவரில் ஆசிஃப் அலியின் சுலபமான கேட்ச்சை இந்தியப் பந்து வீச்சாளர் அர்ஷ்தீப் சிங் விட்டார். ஆனால் ஒளியவில்லை, கடைசி ஓவரையும் அவரே வீசினார். எதிரணிக்குத் தேவை வெறும் 7 ரன். அதே ஆசிஃப் அலியை எல்பிடபிள்யூ ஆக்கி, ஆட்டத்தை ஐந்தாவது பந்து வரை இழுத்தார். இந்தியா தோற்றது. மறுமாதம் மெல்போர்னில், டி20 உலகக் கோப்பையில் தாம் வீசிய முதல் பந்திலேயே பாகிஸ்தானின் பாபர் ஆசமை வெளியேற்றினார்.

ஒளிவதற்கு நேரெதிரான தவறும் உண்டு: ஒரே பந்தில் கடனை அடைக்கப் பார்ப்பது. தேவையே இல்லாமல் ஸ்டம்பைக் குறிவைத்து எறிவோம், ஓவர் த்ரோவில் நான்கு போகும். 2007இல் டர்பனில் தம் ஒரே ஓவரில் யுவராஜ் சிங் ஆறு சிக்ஸர் அடித்தபோது, பந்துக்குப் பந்து தாம் அவசரப்பட்டதாக இங்கிலாந்துப் பந்து வீச்சாளர் ஸ்டூவர்ட் பிராட் பின்னாளில் சொன்னார். அதற்குப் பிறகு ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் ஓர் ஒழுங்கை வைத்துக்கொண்டார். டெஸ்டில் 604 விக்கெட்டுகளோடு ஓய்வு பெற்றார். நமக்கு அவ்வளவு வேண்டாம். கையைத் துடைத்து, மூச்சை நன்றாக வெளியே விட்டு, பந்தை மட்டும் பார்த்தால் போதும்.

ஓவருக்கு ஓவர் 'சாரி' கேட்பதும் வேண்டாம், ஒருமுறை போதும். வெயில், பந்து, மைதானம் என்று காரணம் சொன்னால் அந்த ஒன்றும் வீண்.

ராத்திரி செல்போனில் யார் என்ன எழுதினார்கள் என்று தேடுவதையும் விட்டுவிடுங்கள். கேட்ச் விட்டதற்காக அர்ஷ்தீப்பை இணையத்தில் திட்டித் தீர்த்த அந்த நாளில் விராட் கோலி தம் கதையைச் சொன்னார். தமது முதல் சாம்பியன்ஸ் கோப்பையில் பாகிஸ்தானின் ஷாகித் அஃப்ரிடி பந்துக்கு மோசமான ஷாட் ஆடி அவுட்டாகி, காலை ஐந்து மணி வரை தூங்காமல் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாராம்.

சரி, மறுநாள் பயிற்சிக்கு மட்டம் போடுவோமே, அதுதான் எனக்குப் பிடித்த தவறு. அந்த மூன்று ரன் மேட்சுக்குப் பிறகு ஒரு வாரம் நான் பயிற்சிக்கே போகவில்லை. பிறகு, அதே மாலை வெயிலில் உயரமாக அடித்துத் தரச் சொன்னேன். பத்தில் நான்கு கீழே விழுந்தன. சூரியனை இடது கையால் மறைத்துக்கொண்டு பந்துக்குக் கீழே போக வேண்டும் என்று அப்போதுதான் பிடிபட்டது.