கோதுமை முளைக்கரு: வாங்குவது, வறுப்பது, சமையலில் சேர்ப்பது

ஒரு கைப்பிடி முழுக் கோதுமையை இரவு ஊறப்போட்டு, காலையில் ஒரு மணியைப் புரட்டிப் பாருங்கள். பிளவுக்கோடு இல்லாத முதுகுப் பக்கத்தில், ஒரு நுனியில், வெளிர்மஞ்சளாகச் சின்னத் திட்டு தெரியும். நகத்தால் நெம்பினால் தனியே கழன்று வரும். முளை விடுவது அங்கிருந்துதான். கடைகளில் ‘வீட் ஜெர்ம்’ என்று விற்பது இந்த முளைக்கருவைத்தான். மணியின் எடையில் சுமார் 3 சதவீதம், அதாவது ஒரு கிலோ கோதுமைக்கு 25 முதல் 30 கிராம் வரைதான் இது தேறும். தவிடு வேறு, முளைகட்டிய கோதுமை வேறு, கோதுமைப்புல் பொடி வேறு. பெயரைக் குழப்பி வாங்கிவிட்டால் கீழே சொல்லும் அளவுகள் எதுவும் பொருந்தாது.

மைதாவும் ரவையும் எடுக்கும் ஆலையில், உருளைகளுக்கு இடையே சிக்கும் கரு நொறுங்காமல் தட்டையாகிச் செதிலாகிவிடும். மாவு சல்லடையில் இறங்க, செதில் மேலே நிற்கும். அதில் எண்ணெய் இருப்பதால், மாவோடு விட்டால் மாவு சீக்கிரம் கெடும் என்றுதான் விலக்குகிறார்கள். மில்லில் கொடுத்து முழுக் கோதுமையாக அரைத்து வாங்கும் மாவில் கரு கூடவே இருக்கிறது. அந்த மாவு இரண்டு மாதம் கழித்துக் கசக்க இதுவும் ஒரு காரணம். அப்படிப் புதிதாக அரைத்துச் சாப்பிடும் வீட்டுக்குத் தனியாகக் கரு வாங்கியே ஆகவேண்டும் என்பதில்லை. மைதாவும் ரவையும் வெள்ளை அரிசியும் அதிகம் புழங்கும் வீட்டுக்கு இது உபயோகம்.

100 கிராம் பச்சைக் கருவில் சுமார் 23 கிராம் புரதம், 10 கிராம் கொழுப்பு, 13 கிராம் நார்ச்சத்து, 12 மில்லிகிராம் துத்தநாகம், 280 மைக்ரோகிராம் ஃபோலேட் (பி9 வைட்டமின்), 360 கலோரி. வைட்டமின் ஈ நிறைய. 1936-ல் அந்த வைட்டமினை முதன்முதலில் பிரித்தெடுத்ததே கோதுமைக் கரு எண்ணெயிலிருந்துதான். ஆனால் யாரும் 100 கிராம் சாப்பிடுவதில்லை. ஒரு மேசைக்கரண்டி 7 கிராம்தான் (இனி வெறுமனே ‘கரண்டி’ என்பதும் இதுவே). நாளுக்கு இரண்டு கரண்டி போட்டால் 3 கிராம் புரதமும் 2 கிராம் நார்ச்சத்தும் 50 கலோரியும் கிடைக்கும். நல்ல சேர்மானம், அவ்வளவே. மருந்து மாதிரி விற்பவர்களை நம்ப வேண்டாம். கால்சியம் சொற்பம், பி12 கிடையாது. தாதுக்களைப் பிடித்துவைக்கும் ஃபைடேட் என்ற பொருள் இருப்பதால் துத்தநாகமும் இரும்பும் முழுதாக உடம்பில் சேராது.

வாங்கும்போது பாக்கெட்டின் பின்பக்கம் கொழுப்பு அளவைப் பாருங்கள். 100 கிராமுக்கு 9, 10 கிராம் இருந்தால் முழுக் கரு. ஒன்றிரண்டு கிராம்தான் என்றால் எண்ணெய் நீக்கியது. அது நாள்படத் தாங்கும், ஆனால் எண்ணெயோடு வைட்டமின் ஈயும் பெரும்பாலும் போயிருக்கும். செதில் வெளிர்மஞ்சளாக இருக்க வேண்டும். வெள்ளைத் தூள் அதிகமிருந்தால் மாவு கலந்திருக்கிறது, பழுப்புச் சிம்பு அதிகமிருந்தால் தவிடு.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை வறுப்பது. கருவிலுள்ள நொதிகள் எண்ணெயை உடைத்துச் சிக்கு வாடையைக் கொண்டுவரும்; சூடு அவற்றை அடக்கும். அடிகனமான, அகலமான வாணலியில் 100 கிராமுக்கு மேல் போடாதீர்கள். எண்ணெய் வேண்டாம். சிறுதீயில் கை விடாமல் கிளறினால் 5 முதல் 7 நிமிடத்தில் வேர்க்கடலை வறுக்கும் வாசம் எழும், நிறம் இளம்பொன்னாகும். அந்த நொடியில் தட்டில் கொட்டிப் பரப்புங்கள். வாணலியிலேயே விட்டால், அடுப்பை அணைத்த பிறகும் அதன் சூட்டில் கருகிக் கசக்கும், இயற்கைச் சர்க்கரை அதில் உண்டு. நன்றாக ஆறிய பிறகே டப்பாவில் போடவும். வெதுவெதுப்போடு மூடினால் மூடியில் வியர்த்துக் கட்டி பிடிக்கும். ஃப்ரிட்ஜில் ஒரு மாதம், ஃப்ரீசரில் நாலைந்து மாதம் வைக்கலாம். டப்பாவில் தேதி எழுதி ஒட்டுங்கள். சந்தேகம் வந்தால் ஒரு சிட்டிகை வாயில் போடுங்கள்: இனிப்பும் கடலை ருசியும் இருந்தால் சரி, தொண்டையைக் காறினால் குப்பைக்கு. மறுபடி வறுத்தாலும் சிக்கு போகாது.

சப்பாத்திக்கு இரண்டு கப் மாவுக்கு இரண்டு மேசைக்கரண்டி, கூடவே ஒரு கரண்டி தண்ணீர் அதிகம், பிசைந்து 20 நிமிடம் ஊறல். அளவு கூடினால் தேய்க்கும்போது ஓரம் வெடிக்கும். பச்சைக் கருவைப் போட்டால் இன்னும் மோசம்: அதிலுள்ள குளுட்டத்தயோன் என்ற பொருள் மாவின் இழுவையைத் தளர்த்திவிடும். தோசை மாவில் அரைத்த அன்றே கலந்து புளிக்க வைக்காதீர்கள். ஊற்றப்போகும் மாவில் மட்டும், ஒரு கப்புக்கு ஒரு கரண்டி கலந்தால் போதும். வழக்கத்தைவிடச் சீக்கிரம் சிவக்கும் என்பதால் தீயைக் குறையுங்கள். கஞ்சியிலும் ஓட்ஸிலும் இறக்கிய பிறகு தூவ வேண்டும். கொதிக்கவிட்டால் கொழகொழவென்றாகி வாசமும் போய்விடும். கட்லெட்டுக்கு ரொட்டித்தூளில் பாதியை இதால் மாற்றலாம், ஆனால் எண்ணெயில் முக்கிப் பொரிக்காமல் கல்லில் சுட்டெடுப்பதே நல்லது.

எல்லாவற்றிலும் சுவையாக வருவது உருண்டைதான். வறுத்த கரு ஒரு கப், வறுத்துப் பொடித்த வேர்க்கடலை அரை கப், பொடித்த வெல்லம் அரை கப், ஏலக்காய் இரண்டு. மிக்ஸியில் விட்டு விட்டு இரண்டு சுற்று மட்டும். தொடர்ந்து ஓட்டினால் கடலையின் எண்ணெய் கக்கிப் பிசுபிசுக்கும். மூன்று கரண்டி நெய்யைச் சுடவைத்து ஊற்றி, சூடு ஆறுவதற்குள் பிடியுங்கள். சுமார் 12 உருண்டை வரும். உதிர்ந்தால் நெய்யைக் கூட்டாமல் ஒரு கரண்டி வெதுவெதுப்பான பால் தெளிக்கலாம், ஆனால் பால் தெளித்ததை ஃப்ரிட்ஜில் வைத்து இரண்டு நாளில் தீர்த்துவிட வேண்டும்.

பழக்கமில்லாதவர்கள் முதல் வாரம் ஒரு தேக்கரண்டியோடு நிறுத்துங்கள், இல்லையென்றால் வயிறு உப்பும். கோதுமை ஒவ்வாமை, சீலியாக் (குளுட்டன் என்ற கோதுமைப் புரதத்தால் குடல் பாதிக்கும் நோய்) உள்ளவர்களுக்குக் கூடவே கூடாது, இதில் குளுட்டன் உண்டு. சிறுநீரகக் கோளாறால் பொட்டாசியம், பாஸ்பரஸ் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம்; இரண்டும் இதில் அதிகம்.