பிள்ளையைப் பள்ளியில் சேர்த்தாயிற்று, துப்பாக்கி பற்றியும் கொஞ்சம் பேசுவோம்

அமெரிக்காவுக்குப் புதிதாக வருபவர்களுக்கு வாடகை வீடு, ஓட்டுநர் உரிமம், தடுப்பூசிச் சான்று எல்லாம் சொல்லித்தர ஆள் உண்டு. துப்பாக்கிப் பேச்சை மட்டும் யாரும் எடுப்பதில்லை.

வர்ஜீனியாவின் நியூபோர்ட் நியூஸ் நகரில், ரிச்நெக் தொடக்கப் பள்ளியில், 2023 ஜனவரி 6 அன்று 6 வயதுப் பையன் ஒருவன் அம்மாவின் துப்பாக்கியை எடுத்துவந்து வகுப்பாசிரியையைச் சுட்டான். அவர் பிழைத்துக்கொண்டார். பையன்மேல் வழக்கு இல்லை. அம்மாவுக்குப் பிள்ளையைக் கவனிக்கத் தவறியதற்காக 2 ஆண்டு சிறை. துப்பாக்கி தொடர்பான மத்திய அரசு வழக்கில் தனியாக 21 மாதம். பையனிடம் துப்பாக்கி இருக்கலாம் என்று பள்ளி ஊழியர்கள் அன்றைக்கே எச்சரித்திருந்தார்கள். கேட்டும் சும்மா இருந்தார் என்று அப்போதைய துணைத் தலைமையாசிரியர்மீது அந்த ஆசிரியை வழக்குப் போட, 2025 நவம்பரில் ஜூரி 1 கோடி டாலர் இழப்பீடு வழங்கியது.

சிறு பிள்ளை கையில் துப்பாக்கி கிடைத்தால் பொறுப்பு பெரியவர்களுடையது. என்னைக் கேட்டால், முதல் பொறுப்பு பூட்டாமல் வைத்த வீட்டுக்குத்தான்.

ஆகவே, பிள்ளையை இன்னொரு வீட்டுக்கு விளையாட அனுப்பும் முன் கேளுங்கள். "இவனுக்கு வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாது. அப்புறம், வீட்டில் துப்பாக்கி இருந்தால் பூட்டித்தானே வைத்திருக்கிறீர்கள்?" இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டால் சங்கடம் குறையும். நம்மவர் வீடுதானே என்று விட்டுவிடாதீர்கள். நம்மிலும் வாங்கி வைத்திருப்பவர்கள் உண்டு. குழந்தை மருத்துவரே உங்களிடம் இதைக் கேட்கலாம். கோபப்படாதீர்கள். வாங்குவதும் வேண்டாததும் உங்கள் விருப்பம். வாங்கினால், குண்டைக் கழற்றி, துப்பாக்கியையும் குண்டையும் தனித்தனியாகப் பூட்டுங்கள். அலமாரி உச்சியில் வைத்தால் போதும் என்பதெல்லாம் நாற்காலி போட்டு ஏறத் தெரியாத பிள்ளை இருக்கும் வீட்டுக்கு.

"அவன் துப்பாக்கி வைத்திருக்கிறானாம்" என்று உங்கள் பிள்ளை சொன்னால், விளையாட்டுப் பேச்சு என்று தள்ளாதீர்கள். பள்ளி அலுவலகத்துக்கு உடனே போன் செய்யுங்கள். அதையே மின்னஞ்சலிலும் எழுதுங்கள், எழுத்தில் இருந்தால் யாரும் மறுக்க முடியாது. ஆபத்து உடனடி என்றால் அவசர உதவி எண் 911-ஐ அழையுங்கள். பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் அந்தப் பையன் பெயரைப் போடாதீர்கள்.

ஆபத்தானவர் பள்ளிக்குள் வந்தால் வகுப்பைப் பூட்டி ஒளிந்துகொள்ளப் பழக்கும் லாக்டவுன் பயிற்சி பற்றிப் பிள்ளை வந்து சொன்னால் பதறாமல் கேட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்று: தீபாவளிக்கு ஊரிலிருந்து வந்த பொட்டுவெடித் துப்பாக்கி புத்தகப் பையில் போய்விடக் கூடாது. பொம்மைத் துப்பாக்கிக்கே பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிவிடும் பள்ளிகள் இங்கே உண்டு.