ஏழு அணிகள், ஒரே வரிசை: தலைமை புராடக்ட் ஓனர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆயுள் காப்பீட்டு மென்பொருள் ஒன்றை ஏழு அணிகள் சேர்ந்து உருவாக்கிக்கொண்டிருந்தன. ஆறு ஸ்பிரின்ட் (குறுகிய வேலைச் சுற்று) முடிந்து, எல்லா அணிகளின் வேலையையும் ஒன்றாக இணைத்து ஓட்டிப் பார்த்த நாள் அது. புதிய பாலிசி எடுக்கும் திரையில் மனைவிக்கு 60 சதவீதம், தாய்க்கு 40 சதவீதம் என்று இரண்டு நாமினிகளைப் பதிவு செய்தோம். பாலிசி உருவானது. அதே பாலிசியை மொபைல் செயலியில் திறந்தபோது மனைவியின் பெயர் மட்டுமே இருந்தது. க்ளெய்ம் பகுதியைச் செய்த அணியோ, முழுத் தொகையும் ஒருவருக்கே போகும் என்று வைத்துக் கணக்கை எழுதியிருந்தது.

மூன்று அணிகளின் புராடக்ட் ஓனர்களும் (எதை, எந்த வரிசையில் செய்வது என்று முடிவு செய்பவர்கள்) தங்கள் குறிப்புகளை எடுத்துக் காட்டினார்கள். தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றிலும் பிழை இல்லை. ஒரு பாலிசிக்கு எத்தனை நாமினிகள் என்பதை எல்லா அணிகளுக்கும் பொதுவாக முடிவு செய்ய வேண்டியவர் தலைமை புராடக்ட் ஓனர். நானும் அந்த அறையில் இருந்தேன். அவர் திறமைசாலி, இரவு பகலாக உழைத்தவர். ஆனால் அந்த ஆறு ஸ்பிரின்டிலும் அவருடைய நேரமெல்லாம் ஏழு பேரின் நிலை அறிக்கைகளைத் தொகுத்து மேலிடத்துக்கு அனுப்புவதில் கழிந்திருந்தது.

இந்தப் பதவியைப் பற்றிய குழப்பத்துக்குக் காரணம் உண்டு. இப்படி ஸ்பிரின்ட்களாக வேலை செய்யும் முறைக்கு ஸ்க்ரம் என்று பெயர். 2020இல் வெளிவந்த ஸ்க்ரம் கையேட்டில் இப்படியொரு பதவியே கிடையாது. புராடக்ட் ஓனர் ஒரே நபர், குழு அல்ல என்கிறது அது. ஒரே புராடக்டில் பல அணிகள் வேலை செய்தால், இலக்கும் பேக்லாகும் (செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியல்) புராடக்ட் ஓனரும் எல்லா அணிகளுக்கும் பொதுவாக இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. பல அணிகள் சேர்ந்து ஸ்க்ரம் செய்வதற்கான லெஸ் முறையில் எட்டு அணிகள் வரை ஒரே புராடக்ட் ஓனர்தான். அதற்கு மேல் போனால் பகுதிக்கு ஒருவர் அவருடன் சேர்வார். 'தலைமை புராடக்ட் ஓனர்' என்ற பெயரையே பயன்படுத்துவது ஸ்க்ரம் அட் ஸ்கேல் என்ற இன்னொரு முறை. பெயர்கள் எப்படி மாறினாலும், எது முதலில், எது பிறகு என்ற வரிசை ஒருவர் கையில் இருக்க வேண்டும் என்பதில் இவை ஒன்றுபடுகின்றன.

அந்த வரிசையைக் கைவிடுவதுதான் நான் அதிகம் பார்த்த தவறு. ஒவ்வொரு அணியும் தனக்கென்று ஒரு பேக்லாக் வைத்திருக்கும். தலைமை புராடக்ட் ஓனர் அவற்றை ஒரே எக்செல் கோப்பில் ஒட்டுவார். அதில் முதல் முன்னுரிமை என்று குறிக்கப்பட்ட வேலைகள் நாற்பது இருக்கும். நாற்பது முதல் இடங்கள் இருந்தால், எதை முதலில் எடுப்பது என்பதை அந்தந்த அணியே தனக்கு வசதியாக முடிவு செய்துகொள்ளும். நாமினி விஷயம் எல்லா அணிகளின் பட்டியலிலும் இருந்தது. ஓர் அணியில் மூன்றாவது இடம், இன்னோர் அணியில் பதினேழாவது இடம். ஒரே நேரத்தில் அதை யாரும் கையில் எடுக்காததால், யாரும் அதைப் பற்றி ஒருவரோடொருவர் பேசவில்லை. இந்த மாதம் ஒன்றுதான் முடியும் என்றால் எது என்று கேட்டு, அதற்கு அடுத்தது எது என்று கேட்டு, முழு புராடக்டுக்கும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருபது வேலைகளையாவது எழுதிவிட வேண்டும். இரண்டு வேலைகளுக்கு ஒரே எண்ணைக் கொடுக்கவே கூடாது. இதைச் செய்யும்போது துறைத் தலைவர்களின் மனவருத்தத்தைச் சம்பாதிக்க நேரும். அதை ஏற்றுக்கொள்வதும் இந்த வேலையின் ஒரு பகுதி.

அடுத்தது, இந்தப் பதவியை மேலதிகாரி நாற்காலியாக நினைப்பது. ஒவ்வொரு ஸ்டோரியும் (பயனரின் ஒரு தேவையைச் சொல்லும் சிறு வேலைக் குறிப்பு) தன் ஒப்புதலுக்கு வர வேண்டும் என்று ஒருவர் விதி போட்டிருந்தார். திங்கட்கிழமை ஸ்பிரின்ட் தொடங்கும். ஒப்புதல் புதன் மாலை வரும். இரண்டு வார ஸ்பிரின்டில் மூன்று நாள் போய்விடும். அதைவிடப் பெரிய இழப்பு, அணியிலிருக்கும் புராடக்ட் ஓனர்கள் தாங்களாக யோசிப்பதை நிறுத்திவிடுவது. அணிக்குள் முடியும் விஷயத்தை அங்கேயே விட்டுவிட வேண்டும். இரண்டு அணிகளைத் தொடும் விஷயம் மட்டும் தலைமையிடம் வந்தால் போதும்.

அதிகாரமே இல்லாமல் இந்தப் பெயரை மட்டும் சுமப்பதும் உண்டு. வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்காகச் சென்னையிலும் பெங்களூரிலும் வேலை செய்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். முடிவெடுப்பவர் லண்டனில் இருப்பார், இங்கிருப்பவர் கேள்வியை அனுப்பிவிட்டுக் காத்திருப்பார். எந்த முடிவுகளை இங்கேயே எடுக்கலாம் என்பதைத் திட்டத்தின் தொடக்கத்திலேயே எழுத்தில் வாங்கிக்கொள்ளாதவர் கடைசிவரை தபால்காரராகவே இருக்க நேரிடும்.

முடிவெடுப்பவர் யார் என்பது தெளிவாக இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீட்டுத் தளமான ஹெல்த்கேர்.கவ்வைவிடப் பெரிய சாட்சி தேவையில்லை. 2013 அக்டோபர் 1 அன்று தொடங்கிய அந்தத் தளத்தில் முதல் நாளில் பதிவை முடித்தவர்கள் வெறும் ஆறு பேர். காப்பீட்டுத் திட்டங்களைப் பார்ப்பதற்கே முதலில் கணக்குத் தொடங்க வேண்டும் என்ற முடிவு கடைசி நேரத்தில் வந்தது. கூட்டமெல்லாம் அந்த ஒரு வாசலில் போய் நெரிந்தது. தெளிவான தலைமை இல்லாததே முக்கியக் குறை என்று 2016இல் வெளியான அரசின் ஆய்வறிக்கை சொன்னது.

பிரிட்டனின் யுனிவர்சல் கிரெடிட் திட்டம் இன்னும் நெருக்கமான பாடம், ஏனென்றால் அங்கே ஸ்க்ரம் போல வேலையைச் சிறு சுற்றுகளாகச் செய்யும் அஜைல் முறையையே கையில் எடுத்திருந்தார்கள். ஆறு உதவித்தொகைகளை ஒன்றாக்கும் அந்தப் பெரிய திட்டத்தில் 2012-13 காலத்தில் தலைமை மீண்டும் மீண்டும் கைமாறியது. நல்ல செய்தியை மட்டுமே மேலே சொல்லும் பழக்கம் வேரூன்றியிருந்ததை 2013 செப்டம்பரில் தேசியத் தணிக்கை அலுவலகம் பதிவு செய்தது. அதற்குள் 3.4 கோடி பவுண்டு மதிப்புள்ள மென்பொருள் வீணாகியிருந்தது. ஸ்பிரின்ட் முடிவில் வேலையைக் காட்டும் ரிவியூ கூட்டத்தில் கெட்ட செய்தி சொன்ன புராடக்ட் ஓனரை எல்லோர் முன்னிலையிலும் கடிந்துகொள்ளும் தலைமை, அதே பழக்கத்துக்குத்தான் விதை போடுகிறது.

பயனருக்கும் அணிக்கும் நடுவில் சுவராக நிற்பதையும் தவிர்க்க வேண்டும். விளக்கங்களை அணிகள் பயனரிடமே நேராகக் கேட்கட்டும், புராடக்ட் ஓனர் வரிசையைக் கவனிக்கட்டும் என்பது லெஸ் முறையின் அறிவுரை. என் அனுபவத்தில் இதைவிட வேலையைச் சுலபமாக்கும் அறிவுரை வேறில்லை. வேறொரு முழுநேரப் பொறுப்போடு இதையும் சேர்த்துச் சுமப்பது, எல்லா அணிகளின் வேலையையும் இணைக்கும் பணிக்கு யாரையும் பொறுப்பாக்காமல் விடுவது ஆகியவற்றை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

நாமினி விஷயத்துக்கு வருகிறேன். மறுநாள் காலை அந்தத் தலைமை புராடக்ட் ஓனர் மூன்று அணிகளையும், கிளை அலுவலகத்தில் பல ஆண்டுகளாக க்ளெய்ம் பார்த்த ஓர் அம்மாவையும் ஒரே மேசையில் உட்காரவைத்தார். பங்கு பிரிப்பது அரை மணி நேரத்தில் முடிவானது. எழுந்திருக்கும் நேரத்தில் அந்த அம்மா, "பாலிசிதாரருக்கு முன்னால் நாமினி இறந்துவிட்டால் அந்தப் பங்கு யாருக்குப் போகும்?" என்று கேட்டார். எங்கள் ஏழு பேக்லாகிலும் அந்தக் கேள்வி இல்லை. அன்று மாலைக்குள் இரண்டு கேள்விகளும் வரிசையின் தலைக்கு ஏறின. புதிய வாடிக்கையாளரைப் பரிந்துரைப்பவருக்குப் பரிசு தரும் திட்டம் கீழே இறங்கியது. அடுத்த வெளியீட்டில் அது வராது என்பதை விற்பனைத் தலைவரிடம் அவரே நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.