பழைய ஐசி என்ன நம்பர்னு கண்டுபிடிக்கிறது எப்படி?

போன மாசம் பழைய போர்டு ஒண்ணுல இருந்து 14 கால் ஐசி ஒண்ணு கழட்டுனேன், மேல 7432-னு மட்டும் தெரிஞ்சுது, சரி ஓஆர் கேட்டுதானேன்னு (ஒரு இன்புட் ஹையா இருந்தாலே அவுட்புட்டும் ஹையாகுற லாஜிக் ஐசி) சொருகிட்டு ரெண்டு நாள் மண்டைய உடைச்சுக்கிட்டேன். கடைசில அது நம்பரே இல்ல, தேதி! 1974-ல 32-வது வாரம் செஞ்சது. நீங்களும் மாட்டிக்கக் கூடாதுன்னுதான் இது.

முதல்ல போட்டோ எடுத்துட்டு அப்புறம் துடைங்க. பழைய ஐசில எழுத்து பெரும்பாலும் வெறும் மைதான், தின்னர் போட்டா அதுவும் போயிரும். வாயால ஊதி, டார்ச்ச சாய்ச்சு அடிச்சுப் பாருங்க, மங்குன எழுத்து தெரியும்.

ரெண்டாவது, முன்னெழுத்து. எஸ்என்-னா டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ், டிஎம், எல்எம் நேஷனல் செமிகண்டக்டர், எம்சி மோட்டோரோலா, சிடி ஆர்சிஏ. ஆனா நல்லா ஓடுன ஐசிய மத்த கம்பெனியும் அதே பேர்ல போட்டிருக்கான், அதனால லோகோவையும் பாருங்க. பழைய எச்பி மெஷின்ல 1820-0054-னு அவங்க சொந்த நம்பர் இருக்கும், பெருசா ஒண்ணுமில்ல, சாதா 7400 (நாண்ட் கேட்டு). ரஷ்ய எழுத்துல கே155எல்ஏ3-னு இருந்தாலும் அதே 7400-தான்.

மூணாவது, பவர் கால். 14 கால் டிடிஎல்-ல (74-னு ஆரம்பிக்குற 5 வோல்ட் லாஜிக் ஐசி வகை) பெரும்பாலும் 7 கிரவுண்டு, 14-ல 5 வோல்ட். ஆனா 7490, 7493-ல 5-ல பிளஸ், 10-ல கிரவுண்டு! அதனால கழட்டுறதுக்கு முன்னாடியே போர்டுல சப்ளை லைன் எந்தக் காலுக்குப் போகுதுன்னு மீட்டர் வச்சுப் பாத்துக்கங்க (நான் பாக்கல, தப்பிச்சது அதிர்ஷ்டம்).

இப்பதான் சுவாரசியம். சப்ளைல கரன்ட் லிமிட்ட 100 மில்லிஆம்ப் வச்சு 5 வோல்ட் குடுங்க, மத்த எல்லாக் காலையும் சும்மா விட்டுட்டு ஒவ்வொண்ணா அளங்க. சுமார் 1.5 வோல்ட் காட்டுனா அது இன்புட். 0.2 பக்கமோ (லோ) 3.4 பக்கமோ (ஹை) இருந்தா அவுட்புட். 7432-னா 3, 6, 8, 11 அவுட்புட், சும்மா விட்ட இன்புட்ட டிடிஎல் ஹைன்னு எடுத்துக்கும், அதனால எல்லாம் ஹையா இருக்கணும். எனக்கு 1, 4, 10, 13 லோவா நின்னுச்சு. உடனே முடிவு பண்ணிராதீங்க, 7401-ம் (நாண்ட் கேட்டு, ரெண்டு இன்புட்டும் ஹைன்னா லோ) இப்படித்தான் காட்டும். 2-வது கால மட்டும் கிரவுண்டு பண்ணேன், 1 லோலயே இருந்துச்சு, 3-ஐயும் சேத்துப் பண்ணதும் 3.4-க்கு ஏறிருச்சு. அப்ப நார் கேட்டு (ரெண்டு இன்புட்டும் லோன்னாதான் ஹை), 7402, இல்லன்னா அதே வேலை செய்யுற 7428.

சிமாஸ் 4000 ஐசிக்கு (டிடிஎல் இல்லாத வேற வகை) இந்த வித்தை ஆகாது, அதுல சும்மா விட்ட கால் இஷ்டத்துக்கு ஆடும்.