பெரிய தொலைத்தொடர்பு நிறுவனத்தின் மீது காப்புரிமை வழக்கா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

மும்முனை மின்சாரம் நள்ளிரவில் வந்தாலும், வீட்டில் படுத்தபடியே ஒரு மிஸ்டு கால் கொடுத்துப் போர்செட்டை ஓடவிடும் கருவி டெல்டாவில் இன்று புதிதல்ல. மன்னார்குடிப் பக்கத்து நண்பர் ஒருவர் வெகுநாள் முன்பே தன் பட்டறையில் அதைச் செய்தவர். பெரிய தொலைத்தொடர்பு நிறுவனம் ஒன்று அதே மாதிரி சேவையை விளம்பரப்படுத்தியதும் "வழக்குப் போடப் போகிறேன்" என்று கொதித்தார். ஆதாரம் கேட்டேன். உழவர் கண்காட்சியில் எடுத்த புகைப்படத்தை நீட்டினார்.

முதல் தவறே அந்தப் புகைப்படம்தான். காப்புரிமைக்கு (பேட்டன்ட்) விண்ணப்பிக்கும் முன்னே ஊரறியக் காட்டினால், அதற்கு வேண்டிய புதுமை போய்விடும். மத்திய அரசு அறிவிக்கை செய்த கண்காட்சியென்றால் 12 மாத அவகாசம் உண்டு. ஊர்த் திடல் பந்தலுக்குக் கிடையாது. கிண்டி காப்புரிமை அலுவலகத்தில் தற்காலிக விவரக்குறிப்பையாவது (கண்டுபிடிப்பை விளக்கும் முதற்கட்ட ஆவணம்) தாக்கல் செய்துவிட்டுப் பந்தலுக்குப் போயிருக்கலாம். அதன் பிறகும் 12 மாதத்துக்குள் முழு விவரக்குறிப்பு போயாக வேண்டும். விண்ணப்ப எண்ணை வைத்துக்கொண்டு வழக்குப் போடவும் முடியாது. காப்புரிமை வழங்கப்பட்டிருக்க வேண்டும்.

இன்னொன்று, யோசனைக்கே பட்டா கிடைத்துவிட்டதாக நினைப்பது. நிலப் பத்திரத்தில் நான்கெல்லை எப்படியோ, காப்புரிமையில் கடைசியில் எண்ணிட்டு எழுதும் உரிமைக்கோரல்கள் அப்படி. ஐந்து உறுப்புகளைக் கோரியிருக்க, எதிராளியின் கருவியில் நான்குதான் இருந்தால் பெரும்பாலும் மீறல் இல்லை. சரி, வரப்பை அகலமாகப் போட்டுவிடலாம் என்றால், ஏற்கெனவே பிறர் உழுத நிலமும், அதாவது முன்பே இருக்கும் கண்டுபிடிப்புகளும், உள்ளே வந்துவிடும்; காப்புரிமையே ரத்தாகும்.

மதுரைக்காரர் ஒருவருக்கு நேர்ந்ததைப் பாருங்கள். பல சிம் கைபேசிக்கு 2002இல் விண்ணப்பித்து 2008இல் காப்புரிமை பெற்றார். சாம்சங் உள்ளிட்ட நிறுவனங்களை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனார். 2012இல் அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியம் அந்தக் காப்புரிமையையே ரத்து செய்தது. 2021இல் அந்த வாரியத்தைக் கலைத்துவிட்டார்கள், ஆனால் ரத்துக் கோரும் ஆயுதம் அப்படியே இருக்கிறது. தஞ்சாவூர் மாவட்ட நீதிமன்றத்தில் போட்ட வழக்கில் நிறுவனம் எதிர்வழக்காக ரத்துக் கேட்டால், வழக்கு உயர் நீதிமன்றத்துக்கு மாறிவிடும். பஸ் கட்டணம்கூடக் கணக்கில் சேரும்.

தொகையைப் பார்த்து மயங்குவோரும் உண்டு. பிளாக்பெரி கைபேசி நிறுவனத்திடம் காப்புரிமை வழக்கில் என்டிபி என்ற சிறு நிறுவனம் 2006இல் 61.25 கோடி டாலர் வாங்கியது உண்மை. வழக்குத் தொடங்கியது 2001இல். 2024இல் லாவா என்ற கைபேசி நிறுவனத்தின் மீது 244 கோடி ரூபாய்க்குத் தீர்ப்பு பெற்ற எரிக்சனோ மலைபோன்ற நிறுவனம்.

கோபத்தில் தானே மிரட்டல் கடிதம் எழுதுவதும் வேண்டாம். ஆதாரமற்ற மிரட்டல் என்று காப்புரிமைச் சட்டத்தின் 106ஆம் பிரிவில் அவர்களே உங்கள் மீது வழக்குத் தொடுக்கலாம். காப்புரிமை இருப்பதை மட்டும் தெரிவித்தால் அது மிரட்டலாகாது.

நண்பர் இப்போது பட்டறையில் வேறேதோ செய்துகொண்டிருக்கிறார். கண்காட்சிக்கு இந்த ஆண்டும் அழைப்பு வந்தது. பழைய கருவியை மட்டும் எடுத்துக்கொண்டு போனார். புதியது என்னவென்று எனக்கும் சொல்லவில்லை.