மூச்சிரைப்பு உள்ளவருக்குப் பத்தாயிரம் அடி இலக்கு எதற்கு?

அப்பாவுக்கு சி.ஓ.பி.டி., அதாவது நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். டாக்டர் நடக்கச் சொல்கிறார். பிள்ளைகள் ஆசையாக, காலடிகளை எண்ணும் ஒரு வாட்ச் வாங்கிக் கட்டிவிட்டு, “தினம் பத்தாயிரம் அடி நடங்கப்பா” என்கிறார்கள். சிக்கல் அங்கேயே தொடங்கிவிடுகிறது.

பத்தாயிரம் என்பது நோயாளிகளைச் சோதித்துப் பார்த்துச் சொன்ன எண் கிடையாது. 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த நடைமானியின் பெயர் ‘மான்போ-கெய்’. ‘பத்தாயிரம் காலடி மானி’ என்று பொருள். அந்தப் பெயர்தான் உலகம் முழுவதும் இலக்காகப் பரவியது. இரண்டாயிரம் அடியிலேயே மூச்சு இளைக்கிறவர் அதைத் துரத்தினால், நாலே நாளில் மனம் விட்டுப்போய் வாட்சைக் கழற்றி வைத்துவிடுவார். அவர்மேல் தப்பே இல்லை.

முதல் வாரம் இலக்கே வேண்டாம். வழக்கம்போல இருக்கட்டும், இரவில் எண்ணை மட்டும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். அந்த வாரத்துச் சராசரிதான் அவருடைய தொடக்கப் புள்ளி. அதிலிருந்து சில நூறு அடிகளாக மெதுவாக ஏற்றலாம். இந்த நோய் உள்ளவர்களுக்கு நாளொன்றுக்கு 600 முதல் 1,100 அடி கூடினாலே அது பொருட்படுத்தத்தக்க முன்னேற்றம் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். தெருமுனைக் கடைக்குப் போய்வருகிற தூரம்தான்!

அப்புறம் இன்னொரு தவறு, கருவி காட்டுவதை அப்படியே நம்புவது. மிக மெதுவாக நடந்தால் பல கருவிகள் அடிகளைத் தவறவிடும். வாக்கரைப் பிடித்து நடந்தால் கை வீசாது, வாட்சும் எண்ணாது. “அரை மணி நேரம் நடந்தேன், இருநூறுதான் காட்டுது” என்று அவர் சொன்னால் சந்தேகப்படாதீர்கள். வாய்விட்டு எண்ணி நூறு அடி நடக்கச் சொல்லிப் பாருங்கள். வாட்சில் எண்ணிக்கை ரொம்பவே குறைந்தால், இடுப்பில் மாட்டும் கருவியை முயலலாம். ஒன்றைத் தேர்ந்தெடுத்த பிறகு மாற்றாதீர்கள். மாற்றினால் போன மாதத்தோடு ஒப்பிட முடியாது.

எனக்கு அதிகக் கவலை தருவது வேறு. உடம்பு முடியாத நாளிலும் எண்ணை எட்டியே தீரவேண்டும் என்று நடப்பது. சளியின் நிறம் மாறி, இருமலும் இளைப்பும் கூடினால் நோய் தீவிரமாகிறது என்று பொருள். அன்றைக்கு அடிகள் குறையத்தான் செய்யும். காரணம் தெரியாமல் இரண்டு மூன்று நாள் தொடர்ந்து எண் சரிந்தால், டாக்டரிடம் சொல்லவேண்டிய செய்தி அது. விட்டுப்போன அடிகளை ராத்திரியில் ஈடுகட்டக் கூடாது. நெஞ்சு வலித்தாலோ, தலை சுற்றினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ நடையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவ உதவி தேடுங்கள். சாதாரண நாளில், நடக்கும்போது சின்ன வாக்கியம் ஒன்றைத் திணறாமல் பேச முடிந்தால் அந்த வேகம் சரி.

போகிப் புகை சூழ்ந்த காலையில் தெருவில் இறங்கவே வேண்டாம். கூடத்திலேயே நடக்கட்டும், அந்த அடிகளும் கணக்குதான். அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போகும்போது இன்ஹேலரோடு அந்த நோட்டையும் பையில் வைத்துவிடுங்கள்.